பதினைந்து வீதத் தேசிக்காய்த் தண்ணீர்

கணிதப் பாடநூலுக்குள் குடியிருக்கும் மனிதர்களைப் போல நிம்மதியானவர்களை நான் எங்கும் கண்டதில்லை. ஒருவர் நாற்பது வீத அமிலத்தையும் பத்து வீத அமிலத்தையும் ஆண்டு முழுவதும் கலந்துகொண்டே இருப்பார். எதற்கு என்று அவருடைய மனைவிகூடக் கேட்டதில்லை. இன்னொருவர் இரண்டு விலைத் தேயிலையை ஒன்றாகக் கொட்டிவிட்டு விலை தெரியாமல் நிற்பார். அடியில் ஓட்டை உள்ள தொட்டிக்கு மேலிருந்து தண்ணீர் நிரப்புகிறவரும் அங்கேதான் இருக்கிறார் (அவரை நினைத்தால் எனக்கு இப்போதும் கவலைதான்). ஆனால் இவர்கள் கலக்கிய எதையும் எவரும் வாயில் வைத்துப் பார்த்ததாகப் புத்தகத்தில் ஓர் இடத்திலும் இல்லை. அந்தக் காரியத்தைச் செய்து பார்த்தவள் நான். ஒரு கல்வி அதிகாரியையும் ஓர் அதிபரையும் வைத்துச் செய்து பார்த்தேன்.

அது எனது முதல் நியமனம். ஆரையம்பதியில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டு, வாகரையையும் தாண்டிக் கதிரவெளிப் பக்கத்தில் ஒரு பாடசாலைக்குப் போய் இறங்கினேன். இறங்கினேன் என்று சொல்வது சரியில்லை; எழுந்தருளினேன். அந்தக் கரையோரத்தில் கணிதம் என்ற ஒன்று என்னுடைய பஸ் வந்து சேரும்வரை கைகட்டிக் காத்திருந்தது என்பது என் எண்ணம். சேலை நிறைய ஊசி, தோளில் லப்டொப் பை, வாயில் ‘செயற்பாட்டு வழிக் கற்பித்தல்’ என்ற சொல். (அந்தச் சொல்லை முதல் வாரத்திலேயே ஆசிரியர் அறையில் இருந்த எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டேன். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. அவர்களுடைய இரக்கத்தை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.)

எனக்குக் கிடைத்தது பத்தாம் தரம். நல்ல பிள்ளைகள். முன்வாங்கில் துசாந்தினி என்று ஒருத்தி இருந்தாள். எதைச் சொன்னாலும் ‘ஏன்’ என்று கேட்பாள். கடைசி வாங்கில் டிலக்சன். கணிதம் எனக்கும் கரும்பலகைக்கும் இடையில் உள்ள சொந்தப் பிரச்சினை என்பதுபோல, அதில் தலையிடாமல் நாகரிகமாக இருப்பான். கேள்வி கேட்டால் எழும்பி நின்று, என்னைப் பார்த்து அனுதாபத்தோடு சிரித்துவிட்டு இருந்துவிடுவான்.

கலவைக் கணக்கு தொடங்கிய அன்றே சிக்கல் தொடங்கியது. முப்பது வீதக் கரைசலும் ஐந்து வீதக் கரைசலும் ஒருவரிடம் இருக்கின்றன, அவருக்குப் பதினைந்து வீதக் கரைசல் வேண்டும் என்று எழுதி முடிப்பதற்குள் துசாந்தினி எழுந்துவிட்டாள்.

"ரீச்சர், இவருக்குப் பதினைஞ்சு வீதந்தான் வேணுமெண்டா, கடையில பதினைஞ்சு வீதமாவே வாங்க ஏலாதா?"

வகுப்பு முழுவதும் அதுதானே என்பதுபோல என்னைப் பார்த்தது. நான் நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்த கணிதத்தில் இதற்குப் பதில் இருக்கவில்லை. கடையில் முடிந்துவிட்டது என்று சமாளித்தேன். அப்படியென்றால் முப்பது வீதத்தை எந்தக் கடையில் வாங்கினார் என்று அடுத்த கேள்வி வந்தது. மணி அடித்து என்னைக் காப்பாற்றியது.

இந்த நிலையில்தான் வெளிவாரி மதிப்பீட்டுக்கு வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்ற செய்தி வந்தது. எங்கள் அதிபர் நல்ல மனிதர். ஆனால் கவலைப்படுவதை ஒரு கடமையாகவே செய்து வந்தவர். இந்தத் தடவை அவர் கவலைப்பட நியாயமான காரணமும் இருந்தது. கணிதப் பெறுபேறு மோசமாக இருப்பதால் பத்தாம், பதினோராம் தர வகுப்புகளை எடுத்து, பிரதான வீதியில் உள்ள பெரிய பாடசாலையோடு சேர்த்துவிடலாம் என்று ஒரு பேச்சு அடிபட்டது. பெரிய பாடசாலை வெகு தூரம். பஸ்ஸை நம்ப முடியாது. அப்படிச் சேர்த்தால் தன் மகளை அங்கே அனுப்பப் போவதில்லை, படித்தது போதும் என்று துசாந்தினியின் தகப்பனார் அதிபரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்னும் சில பெற்றோரும் அதே யோசனையில் இருந்தார்கள்.

அதிபர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகச் சொன்னார். "ரீச்சர், கணக்குப் பாடத்தத்தான் அவங்க பாக்கப் போறாங்க. புதுசா ஒண்டும் செய்ய வேணாம். தெரிஞ்சத ஒழுங்காச் செஞ்சு காட்டுவம்."

அவர் பேசியதில் ‘புதுசா’ என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது.

அன்று பின்னேரமே திட்டம் தயாராகிவிட்டது. பிள்ளைகள் நம்ப மறுக்கிற கலவையை அவர்கள் கண்முன்னாலேயே கலந்து காட்டுவது. அமிலம் வேண்டாம், எலுமிச்சம்பழம் பிழிந்த தேசிக்காய்த் தண்ணீர். சிவப்பு வாளியில் முப்பது வீதம் சீனி, நீல வாளியில் ஐந்து வீதம். ஒரு லீற்றரில் முந்நூறு கிராம் சீனி இருந்தால் அதை முப்பது வீதம் என்று வைத்துக்கொண்டோம் (விஞ்ஞான ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும்). இரண்டையும் அளந்து பச்சை வாளியில் ஊற்றிப் பத்து லீற்றர் பதினைந்து வீதத் தேசிக்காய்த் தண்ணீர் செய்து, வந்திருக்கும் அதிகாரிக்கே குடிக்கக் கொடுப்பது. கணிதத்தின் உண்மையை நாக்கிலேயே நிரூபிப்பது. இந்தக் கடைசி வசனத்தைப் பாடக் குறிப்பில் அடிக்கோடிட்டு எழுதினேன்.

அதிகாரி முன்னால் பிள்ளைகள் தடுமாறக் கூடாது என்று முதல் நாளே வெள்ளோட்டமும் விட்டேன். சிவப்பிலிருந்து x லீற்றர், நீலத்திலிருந்து y லீற்றர். இரண்டும் சேர்ந்து பத்து, ஆகவே x + y = 10. இனிச் சீனி. கலக்கும்போது சீனி எங்கும் ஓடிப் போவதில்லை, வாளிதான் மாறுகிறது, அதனால் சீனியைப் பிடித்துக்கொண்டு போனால் விடை தானாக வரும் என்று விளக்கினேன். 300x + 50y = 1500. முதலாவது சமன்பாட்டை ஐம்பதால் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழித்தால் 250x = 1000. x நான்கு, y ஆறு. சிவப்பில் நான்கு லீற்றர், நீலத்தில் ஆறு லீற்றர். வகுப்பு முழுவதும் கொப்பியில் எழுதியது. டிலக்சனும் எழுதினான். அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

இரண்டு வாளியிலும் எட்டு எட்டு லீற்றர் கொண்டு வருவேன் என்றும் சொன்னேன். சிந்தினால், அளவு பிசகினால் என்ற முன்யோசனை. அந்த முன்யோசனை என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் மீதிக் கதை.

நான் தங்கியிருந்தது ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்த ஓர் அக்காவின் வீட்டில். அவருடைய குசினியில் தராசை வைத்துக்கொண்டு சீனி நிறுத்தேன். அவர் கதவடியில் நின்று பார்த்துவிட்டு, யாருக்குக் கலியாணம் என்று கேட்டார். நான் செயற்பாட்டு வழிக் கற்பித்தல் என்றேன். அவர் போய்ப் படுத்துவிட்டார்.

மதிப்பீட்டு நாள் காலையில், மூடி போட்ட இரண்டு வாளிகளோடு ஓட்டோவில் போய் இறங்கினேன். துசாந்தினியும் இன்னும் சில பெண்பிள்ளைகளும் ஓடி வந்து வாளிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வகுப்புக்குப் பக்கத்தில் இருந்த விளையாட்டுச் சாமான் அறையில் வைக்கச் சொன்னேன். ஒருவரும் தொடக் கூடாது என்றும் சொன்னேன். அந்த அறைக்குப் பூட்டு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்று நான் மனித இயல்பைப் பற்றி யோசிக்கும் நிலையில் இல்லை. சேலை மடிப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலாம் பாடத்துக்கு வர வேண்டிய குழு பிந்தி வந்தது. வந்தவர்களும் முதலில் அலுவலகம், நூலகம், மலசலகூடம் என்று சுற்றினார்கள். எனது வகுப்பை இடைவேளைக்குப் பிறகு பார்ப்பதாகச் சொன்னார்கள். அதுவரை நான் அதிபரின் அறை வாசலில் நின்று, கேட்கப்படாத கேள்விகளுக்குப் பதில் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளை முடிந்து வகுப்புக்குள் போனபோது எனக்கே ஆச்சரியம். பிள்ளைகளின் முகம் எல்லாம் பிரகாசமாக இருந்தது. வழக்கமாகக் கணிதப் பாடத்துக்குத் தூங்கி வழிகிறவர்கள் நிமிர்ந்து இருந்தார்கள். கண்கள் மின்னின. சிலர் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். எனது கற்பித்தல் முறை வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். (வேலை செய்தது சீனி.)

பின்னால் போட்ட கதிரையில் கணிதத்துக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர் இருந்தார். கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்து, அதற்கு மேலால் பார்க்கிற அம்மா. பக்கத்தில் அதிபர், வியர்வையோடு.

பாடம் என்றால் அப்படி ஒரு பாடம். கேள்வி கேட்க முன்னரே கைகள் உயர்ந்தன. சமன்பாடுகள் கரும்பலகையில் வந்து தாமாக நின்றன. x நான்கு என்று ஒரே குரலில் சொன்னார்கள். விஞ்ஞான அறையிலிருந்து வாங்கி வந்த அளவுச் சாடியால் சிவப்பில் நான்கு லீற்றர் அளந்து பச்சை வாளியில் ஊற்றினேன். சற்றுத் தடிப்பாக விழ வேண்டிய பாகு, தண்ணீர் போலச் சலசலவென்று விழுந்தது. அதைக் கவனித்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் நான் வாளியைப் பார்க்காமல் அதிகாரியைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தேன். நீலத்தில் ஆறு லீற்றர். கரண்டியால் கலக்கி, இரண்டு கிளாசில் ஊற்றி, தட்டில் வைத்துக் கொண்டுபோனேன்.

பணிப்பாளர் கிளாசைத் தொடாமல், எத்தனை வீதம் என்று கேட்டார். எனக்குச் சீனி வருத்தம் இருக்கு, அதுதான் கேட்கிறேன் என்றும் சொன்னார்.

"சரியாப் பதினைஞ்சு வீதம், மெடம்" என்றேன். அந்தச் ‘சரியா’வை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

பாடத்துக்காக ஒரு வாய் குடிக்கிறேன் என்று அவர் கிளாசை எடுத்தார். ஒரு மிடறு குடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். கிளாசுக்குள் பார்த்தார். பக்கத்தில் அதிபர் முழுக் கிளாசையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். அவர் எத்தனையோ மதிப்பீடுகளைக் கண்ட மனிதர்.

"ரீச்சர், நீங்க ஒருக்கா ருசி பாருங்க" என்றார் பணிப்பாளர்.

பார்த்தேன். இனிப்பு என்ற ஒன்று தூரத்தில் எங்கோ இருந்தது. புளிப்பு இருந்தது. இரண்டுக்கும் மேலால் உப்பு. அழுதுகொண்டே தேசிக்காய்த் தண்ணீர் குடித்தால் கண்ணீர் வாய்க்குள் இறங்கி எப்படி இருக்குமோ அப்படி ஒரு ருசி.

"கணக்குச் சரி, மெடம்" என்றேன். எனது வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

"கணக்குச் சரி. தண்ணிதான் சரியில்ல" என்றார் அவர்.

அதன்பிறகு நான் பேசியதை முழுவதும் எழுத முடியாது. இப்போது வருகிற சீனி முன்னர்போல இல்லை என்றேன். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்றேன். ஒரு கட்டத்தில் சீனி இறக்குமதி செய்கிறவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அதிபர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்த திசையில்தான் பிரதான வீதியும் பெரிய பாடசாலையும் இருந்தன. மேல் வகுப்புகள் ஒரு வாளியில் ஏறிப் போவது எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது துசாந்தினி எழும்பினாள்.

"மெடம், ரீச்சர்ர கணக்கில பிழை இல்ல. சிவப்பு வாளியில முப்பது வீதம் இல்ல. பதினைஞ்சுதான்."

எப்படித் தெரியும் மகள் என்று பணிப்பாளர் கேட்டார்.

"எட்டு லீற்றர்ல நாலு லீற்றர் எடுத்துட்டு, நாலு லீற்றர் தண்ணி ஊத்தினா பாதிதானே மெடம்."

"ஆரு எடுத்த?"

துசாந்தினி தரையைப் பார்த்தாள். "நாங்கதான். காலையில, வாளியக் கொண்டுபோய் வெக்கக்குள்ள."

முன்வாங்குப் பெண்பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்தார்கள். அவள் விசயத்தை ஒளிக்காமல் விளக்கினாள். ரீச்சருக்குத் தேவை நான்கு லீற்றர்தான் என்று முதல் நாளே கணக்குச் செய்து பார்த்தாயிற்று. வாளியில் எட்டு இருக்கிறது. நான்கு மிச்சம். மிச்சத்தைத்தான் தங்கள் தண்ணீர்ப் போத்தல்களில் நிரப்பி, வகுப்பில் இருந்த எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் பங்கு வைத்தார்கள். வாளி குறைந்து தெரிந்தால் ரீச்சர் கவலைப்படுவார் என்று தண்ணீர் ஊற்றி நிரப்பினார்கள்.

கணிதத்தால் வாழ்க்கையில் என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு நான் இப்போதும் இதைத்தான் சொல்வேன். களவெடுக்கலாமா என்று அவர்கள் தடுமாறி நின்றபோது வழி காட்டியது என்னுடைய சமன்பாடு.

பணிப்பாளர் கோபிக்கவில்லை. வெண்கட்டியை எடுத்து அவளிடம் நீட்டினார். அப்படியென்றால் நாங்கள் குடித்தது எத்தனை வீதம், செய்து காட்டுங்கள் என்றார். துசாந்தினி கரும்பலகைக்குப் போனாள். சிவப்பு நான்கு லீற்றர், லீற்றருக்கு நூற்றைம்பது கிராம், அறுநூறு. நீலம் ஆறு லீற்றர், ஐம்பதுப்படி முந்நூறு. மொத்தம் தொளாயிரம் கிராம், பத்து லீற்றரில். ஒன்பது வீதம். விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தாள்.

கடைசி வாங்கில் ஓர் அசைவு தெரிந்தது. டிலக்சன் நெளிந்தான். மேசையைப் பார்த்தான், கரும்பலகையைப் பார்த்தான், பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். ஆனாலும் அவனால் அடக்க முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்காமலே எழும்பினான்.

"மெடம், அது பிழை. ஒன்பது வராது. ஆறுதான்."

துசாந்தினிக்கு முகம் சிவந்துவிட்டது. களவு பிடிபட்டபோது வராத கோபம் விடை பிழை என்றதும் வந்தது. "எப்பிடி ஆறு? செஞ்சு காட்டு பாப்பம்."

அவன் முன்னால் போய், நூற்றைம்பது என்று அவள் எழுதியதை அழித்துவிட்டு, எழுபத்தைந்து என்று எழுதினான். நான்கை எழுபத்தைந்தால் பெருக்க முந்நூறு. நீலத்தின் முந்நூறு. மொத்தம் அறுநூறு கிராம். ஆறு வீதம்.

"எழுபத்தைஞ்சு எங்கயிருந்து வந்தது?" என்று பணிப்பாளர் கேட்டார்.

"இடைவேளைக்கு நாங்களும் பாதி எடுத்த மெடம். அப்பவே பெரிசா இனிக்கல்ல. ரீச்சர் முப்பது வீதமெண்டு சொன்னாவே, என்ன இப்பிடிக் கிடக்கு எண்டு யோசிச்ச. இப்பதான் விளங்குது, எங்களுக்கு முன்னால ஆரோ கை வெச்சிருக்காங்க." கடைசி வசனத்தை அவன் முன்வாங்கைப் பார்த்துச் சொன்னான், ஏமாற்றப்பட்டவனின் வேதனையோடு.

பெண்பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. தாங்கள் எடுத்தது மிச்சத்தை; ஆண்பிள்ளைகள் எடுத்ததுதான் களவு என்றார்கள். தாங்கள் பார்த்தபோதும் எட்டு லீற்றர் இருந்தது, ஆகவே தாங்கள் எடுத்ததும் மிச்சம்தான் என்று கடைசி வாங்கு வாதாடியது. அதிபர் எழும்பினார், மறுபடியும் இருந்தார். எந்தக் குற்றத்துக்கு யாரைத் தண்டிப்பது என்று அவருக்கே குழம்பிவிட்டது. நான் வெறும் தட்டைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். அந்த வகுப்பில் அப்போது எதுவும் விளங்காமல் இருந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

பணிப்பாளர் கையை உயர்த்தினார். "சரி. சீனிக்கு விடை வந்துட்டு. உப்பு எங்கயிருந்து வந்த?"

எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் யன்னல் பக்கம் திரும்பியது. வெளியே, வேலியோரத்தில், பாடசாலைக் கிணறு இருந்தது. கடல் பக்கத்தில் இருப்பதால் அதில் உவர்த் தண்ணீர். கை கால் கழுவுவதற்கு மட்டும்தான் அது. குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வந்து, அதிபரின் அறைக்குப் பக்கத்தில் உள்ள தாங்கியில் நிற்கும். அன்று அந்தப் பக்கம் காலையில் நானும் இடைவேளையில் அதிகாரிகளும் நின்றதால், இரண்டு கோஷ்டியும் கிணற்றுக்குப் போயிருந்தது.

"சவர்த் தண்ணி எண்டு தெரியும் மெடம். கலந்தாத் தெரியாதெண்டு நினைச்ச" என்றாள் துசாந்தினி.

பணிப்பாளர் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டு இருந்தார். குரல் மாறிவிட்டது, இப்போது அவர் பாடம் பார்க்க வந்தவர் இல்லை. அப்படியென்றால் இந்தப் பச்சை வாளியில் கிணற்றுத் தண்ணீர் எத்தனை லீற்றர் என்று கேட்டார். வகுப்பு கொப்பியைத் திறந்தது. நான் சொல்லாமலே திறந்தது. முதல் கோஷ்டி ஊற்றியதும் வாளியில் பாதி கிணறு. இரண்டாவது கோஷ்டி பாதியை எடுத்தபோது அந்தக் கிணற்றிலும் பாதி போய்விட்டது, அதற்கு மேல் திரும்பவும் நான்கு லீற்றர். எட்டில் ஆறு கிணற்றுத் தண்ணீர். நாங்கள் அளந்தது நான்கு. எனவே மூன்று லீற்றர். பெண்பிள்ளைகள் பக்கமிருந்தும் ஆண்பிள்ளைகள் பக்கமிருந்தும் ஒரே விடை வந்தது. என்ன ரீச்சர், சரிதானே என்று பணிப்பாளர் என்னைப் பார்த்தார். நான் அவசரமாகத் தலையை ஆட்டிவிட்டு, மெதுவாகக் கை விரலில் கணக்குப் பார்த்தேன். சரிதான்.

"கடைசிக் கேள்வி" என்றார் அவர். "உங்கட அதிபர் சேர் குடிச்ச இருநூறு மில்லிலீற்றர். அதில கிணத்துத் தண்ணி எவ்வளவு?"

"அறுபது மில்லிலீற்றர்" என்று முழு வகுப்பும் சொன்னது.

அதிபர் தன் வயிற்றை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். அந்தக் கிணற்றில் என்னென்ன விழுந்திருக்கிறது என்பது மற்ற எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரியும்.

மணி அடித்து வெகு நேரமாகியும் ஒருவரும் அசையவில்லை. பணிப்பாளர்தான் முதலில் எழும்பினார். கிளாசைப் பார்த்து, ஆறு வீதம் என்றால் நானும் குடிக்கலாம்தான், பிரஷரும் இருப்பதால்தான் யோசிக்கிறேன் என்றார். அவர் பகிடி விடுகிறார் என்பது எனக்கு விளங்குவதற்கு முன் வாசலுக்குப் போய்விட்டார். வாசலில் நின்று திரும்பி, "புள்ளைகளுக்கு நல்லா விளங்கியிருக்கு ரீச்சர். அடுத்த முறை அறைக்கு ஒரு பூட்டு வாங்குங்க" என்றார்.

அது பாராட்டா, எச்சரிக்கையா என்று தெரியவில்லை. வாளிகளை எடுத்துக்கொண்டு விளையாட்டுச் சாமான் அறைக்குப் போய், வலைப்பந்துகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளைகளின் படிப்பை ஒரு கிளாசில் கரைத்துவிட்டேன் என்றுதான் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கதவடியில் நிழல் தெரிந்தது. துசாந்தினியும் டிலக்சனும். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மன்னிப்பும் கேட்டார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு டிலக்சன் நீல வாளியைக் காட்டி, அதில் கிணற்றுத் தண்ணீர் கலக்கவில்லை, இரண்டு லீற்றர் மிச்சம் இருக்கிறது, அதைப் பதினைந்து வீதம் ஆக்க எவ்வளவு சீனி போட வேண்டும் என்று கேட்டான். இருவரும் அதைப் பற்றி ஏற்கெனவே வாதாடிக்கொண்டு வந்திருந்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து தாதி அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு நோயாளியை விசாரிப்பதுபோல, சீனி எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டு முடித்து, நெற்றியைத் தடவி, "தங்கச்சி, வயித்தோட்டத்துக்கு நாங்க குடிக்கக் குடுக்கிற சேலைன் மாதிரித்தான் இது. சீனி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். அடுத்த நாள் காலையில் அவர் வேலைக்குப் போனார். மத்தியானத்துக்குள் நான் அந்த ஊருக்குச் சேலைன் ரீச்சர் ஆகிவிட்டேன்.

மதிப்பீட்டு அறிக்கை பிறகு வந்தது. அதிபர் அதை நின்றுகொண்டே வாசித்தார். மாணவர்கள் கலவைக் கணக்கைப் புத்தகத்துக்கு அப்பாலும் செய்யக்கூடியவர்களாக உள்ளனர் என்று அதில் இருந்தது. மேல் வகுப்புகளை மாற்றத் தேவையில்லை என்றும் இருந்தது. அதற்குக் கீழே, செயற்பாட்டுக்குப் பயன்படுத்தும் பானத்தை மேம்படுத்த வேண்டும் என்று ஒரு வரி. அதிபர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கவலை இல்லாமல் சிரித்தார். அவருக்கு வயிறு சரியாகி ஒரு வாரம் ஆகியிருந்தது.

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போக பஸ் ஏறினேன். நடத்துநர், சேலைன் ரீச்சர் இஞ்சால வாங்க, சீட் இருக்கு என்று கூப்பிட்டார். மட்டக்களப்பில் இறங்கி அடுத்த பஸ் எடுத்து ஆரையம்பதிக்குப் போய்ச் சேர்ந்தபோது, கதை எனக்கு முன்னரே போய்ச் சேர்ந்திருந்தது. தன் மகள் அந்தப் பக்கத்துக்கே கணிதம் கற்பிக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த அம்மா வாசலில் நின்றார். "என்ன கா புள்ள, உன்னப் படிப்பிக்கத்தானே அனுப்பின. தண்ணிப் பந்தல் வெக்கவா போன?"

பிறகு பல வருடம் அதே பாடசாலையில் இருந்தேன். துசாந்தினி சாதாரண தரம் எழுதி, உயர்தரமும் படித்து, இப்போது வங்கியில் வேலை செய்கிறாள். டிலக்சன் ஒரு பால் சேகரிப்பு நிலையத்தில் இருக்கிறான். வருகிற பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பரிசோதித்துப் பிடிப்பதுதான் அவனுக்கு வேலை. அதற்கு அவனைவிடத் தகுதியான ஆள் இந்த மாவட்டத்தில் இல்லை.

எனக்குக் கலியாணம் பேசி வந்தபோதும் இந்தக் கதை கூடவே வந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் வாகரைப் பக்கம் மீன் வியாபாரம் செய்தவர். நான் கடையில் வாங்கிய சோடாவைத்தான் ஊற்றிக் கொண்டுபோனேன். அவர் கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது எத்தனை வீதம் மகள் என்று கேட்டார். பெரியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு மட்டும் விளங்கவில்லை. அவர் பிறகு தொலைபேசியில் கேட்டார், நான் முழுவதையும் சொன்னேன். சமன்பாட்டோடு சொன்னேன். அப்படியிருந்தும் கலியாணம் செய்தார்.

எங்கள் வீட்டில் தேசிக்காய்த் தண்ணீருக்கு இப்போது ‘ஆறு வீதம்’ என்றுதான் பெயர். வெயிலில் வீட்டுக்கு வருகிற என் கணவர், ஒரு ஆறு வீதம் போடுமன் என்பார். மகள் பேசப் பழகியதே இந்தச் சொல்லோடுதான். அதற்கு வேறு பெயர் இருப்பது அவளுக்குத் தெரியாது. போன மாதம் அவள் பள்ளிக்கூடச் சிநேகிதி வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். சிநேகிதியின் தாய் எனக்குத் தொலைபேசி எடுத்தார். தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"ரீச்சர், என்ன குடிக்கப் போறீங்க மகள் எண்டு கேட்டன். ஆறு வீதம் வேணுமெண்டு நிக்கிறா. அது என்ன மருந்து, எங்க வாங்கிற?"

தேசிக்காய்த் தண்ணீர்தான், வேறொன்றும் இல்லை என்றேன். அவருக்கு நிம்மதி. வைக்கப் போனவர், ஏதோ யோசித்துவிட்டு, அதற்குள் உப்பும் போட வேண்டுமா என்று கேட்டார்.

கொஞ்சம் போடுங்கள் என்றேன். உப்பில்லாவிட்டால் அவள் குடிக்க மாட்டாள்.